பனியின் அடுக்குகள்

தொழுகையில் தக்பீர் கட்டியதும் ஓதும் ஆரம்ப துஆக்களில் ஒன்று நம்மில் பலருக்கு மனப்பாடம். பாவங்களைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவிவிடும்படி அதிலே இறைவனிடம் கேட்கிறோம். அந்தப் பனிக்கு அறபுச் சொல் ‘ஸல்ஜ்’. யாழ்ப்பாணத்துச் சோனகதெருவிலும் புத்தளத்திலும் காத்தான்குடியிலும் காயல்பட்டினத்திலும் இந்தச் சொல்லை வாயால் சொன்னவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். கண்ணால் கண்டவர்கள் மிகச் சொற்பம்.

காணாத பொருளுக்குச் சொல்லும் குழம்பித்தான் கிடக்கும். தமிழில் ‘பனி’ என்றால் நமக்கு முதலில் வருவது மார்கழிப் பனி. “பனி பெய்யுது, தலையை மூடிக்கொண்டு போ” என்று உம்மா சொல்வது வானத்திலிருந்து விழும் வெள்ளைப் பொருளை அல்ல. அந்த வெள்ளைப் பொருளுக்கு உறைபனி, வெண்பனி, பனிமழை என்று எழுத்திலே பல பெயர் வைத்திருக்கிறோம். புலம்பெயர்ந்த பிள்ளைகள் எளிதாக “ஸ்னோ கொட்டுது” என்று முடித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் அதைப் பனி என்றே எழுதுகிறேன். நம்மூர்ப் பனியைச் சொல்லும் இடத்தில் மார்கழிப் பனி என்று பிரித்துச் சொல்வேன். இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு; அது பின்னால் வரும்.

இதை இப்போது எழுத வேண்டிய தேவை என்ன? யாழ் நகரிலிருந்து பலாலி வீதியால் போனால் உரும்பிராய்ச் சந்தி. அந்தச் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை சுவிசிலோ நோர்வேயிலோ கனடாவிலோ இருக்கிறது. சுவிற்சர்லாந்தில் மட்டும் இலங்கைத் தமிழ் வம்சாவளியினர் ஏறத்தாழ 50,000 பேர். எண்பதுகளில் போன முதல் தலைமுறை உணவகச் சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் உழைத்தது. பனியை வழியில் தள்ளிவிட வேண்டிய தொல்லையாகவே அவர்கள் கண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளையோ பள்ளிக்கூடமே வருடத்தில் ஒரு வாரம் பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிப் போகிறது. அங்கே பழகியவர்களில் சிலர் வளர்ந்தபின் கயிற்றூர்தியும் காவலும் உள்ள சறுக்குப் பாதைகளை விட்டு, யாரும் கால் வைக்காத மலைச்சரிவுகளைத் தேடிப் போகத் தொடங்கிவிட்டார்கள். படம் வட்ஸ்அப்பில் உரும்பிராய்க்கு வருகிறது. நீல வானம், வெள்ளை மலை, முதுகுப்பை, சிரிப்பு.

அப்படி ஒரு பேரனின் படத்தை எனக்குக் காட்டிய ஓய்வுபெற்ற புவியியல் மாஸ்ரர் ஒருவர், “தம்பி, நாலு மணித்தியாலம் ஏறிப்போய் இருபது நிமிசத்திலை இறங்கி வாறதுக்கு இவன் ஒரு லீவை முழுக்கச் செலவழிக்கிறான். ஏறிறது விளங்குது. அந்தப் பனி ஏன் சில நாள் நிக்குது, சில நாள் விழுது? அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை” என்றார். நியாயமான கேள்வி. பேரப்பிள்ளையின் உயிர் அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

முதலில் ஏறுவதைச் சொல்லிவிடுவோம். பலகையின் அடியில் ஒரு நீண்ட மயிர்ப்பட்டையை ஒட்டுவார்கள். பழைய நாளில் கடல்நாய்த் தோல்; இன்று ஒருவகை ஆட்டு மயிரோ செயற்கை இழையோ. ஆட்டுத்தோலை ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் கையைப் பிடிக்கும் அல்லவா? அதுதான் சூட்சுமம். பலகை முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. குதிகாலைப் பூட்டாமல் விட்டு நடந்து ஏறுவார்கள். உச்சியில் பட்டையைக் கழற்றி, குதிகாலைப் பூட்டி, கன்னிப் பனியில் இறங்குவார்கள்.

இதுவும் புதிய விசயமில்லை. கிரனாடாவில் பிறந்து 12ஆம் நூற்றாண்டில் வொல்கா நதிக்கரைப் பல்கார் நாட்டில் தங்கியிருந்த அபூ ஹாமித் அல்-கர்னாத்தி என்ற பயணி, வடதிசை மக்கள் பனியில் புதையாதிருக்கக் காலில் நீண்ட மரப்பலகை கட்டி நடப்பதைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். இப்னு பதூதா 1333 வாக்கில் இந்துகுஷ் மலையைக் கடந்தபோது, ஒட்டகங்கள் அமிழ்ந்து போகாதிருக்க அவற்றின் முன்னே கம்பளி விரிப்புகளைப் போட்டுக்கொண்டே போனதாக எழுதுகிறார். பலகையும் விரிப்பும் செய்வது ஒன்றையே: பாரத்தைப் பரப்பிக் கொடுப்பது. அந்த மலையைக் கடப்பதற்கு முன் அவர் குந்தூஸில் நாற்பது நாள் தங்கினார். அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று பனியைப் பற்றிய அச்சம். இதே இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தவர். பனிமலையையும் நம் அரசனையும் ஒரே நூலில் வைத்த ஆள் வேறு யாரையும் நான் அறியேன்.

இனி விசயத்துக்கு வருவோம். மலைமேல் கிடக்கும் பனியைத் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது ஒரே வெள்ளைத் துணி. உண்மையில் அது கிணற்று வெட்டு மாதிரி. உரும்பிராயில் கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள்: மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல், கல்லுக்குள்ளே வெடிப்பு, வெடிப்பில் நீர். ஒவ்வொரு படைக்கும் ஒவ்வொரு குணம். மண்வெட்டி அதை உணரும். பனியும் அப்படித்தான். நவம்பரில் விழுந்தது அடியில், டிசம்பர் காற்று அள்ளிக் குவித்தது அதன்மேல், நடுவிலே ஒரு வெயில் நாள் உருக்கி உறையவிட்ட மெல்லிய ஓடு, அதன்மேல் நேற்று இரவு விழுந்த பஞ்சு. ஒவ்வொரு படையும் தான் பிறந்த நாளின் வானிலையை உள்ளே வைத்திருக்கிறது.

கிணற்று மண் கல்லாகக் கிடக்கும், மாறாது. பனியோ விழுந்தபின்னும் மாறிக்கொண்டே இருக்கும். பனி என்பது தன் உருகுநிலைக்கு மிக அருகில் வாழும் பொருள். அதனால் அதன் மணிகள் ஓயாமல் வடிவம் மாறுகின்றன. புதிதாக விழுந்த பனியின் ஒரு கனமீற்றர் 50 முதல் 100 கிலோதான் நிறை. மீதி எல்லாம் காற்று. அமர்ந்து இறுகிய பனி 300 கிலோவைத் தொடும். முழுப் பனிக்கட்டி 917 கிலோ. இந்த இறுக்கம் எப்படி நடக்கிறது என்பதில்தான் ஆபத்தும் பாதுகாப்பும் பிரிகின்றன.

பனிப்படையின் அடி, நிலத்தின் சூட்டினால் பெரும்பாலும் பூச்சியப் பாகைக்கு அருகிலேயே நிற்கும். மேற்பரப்போ இரவுக் குளிரில் மைனஸ் 15 பாகைக்கு இறங்கும். பனி 2 மீற்றர் ஆழமாயிருந்தால் ஒரு மீற்றருக்கு 7½ பாகை வேறுபாடு. இது மெதுவான மாற்றம். மணிகள் முனை மழுங்கி உருண்டு, தொட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புட்டுக்கு மாக் குழைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அளவாகத் தண்ணீர் தெளித்த மா உருண்டு சேர்வது போல. அதே குளிரில் பனி அரை மீற்றர்தான் என்றால்? ஒரு மீற்றருக்கு 30 பாகை வேறுபாடு. ஒரு மீற்றருக்கு 10 பாகை என்ற எல்லையை இது எங்கோ தாண்டிவிட்டது. இப்போது கீழேயுள்ள சூட்டில் பனி நீராவியாகி மேலே போகும். மேலேயுள்ள குளிர்ந்த மணிகளில் படிந்து, பட்டை தீட்டிய பெரிய படிகமாக வளரும். இந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடையில் வழிந்துவிடும். ஆனையிறவுக் கல்லுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்காது.

ஆக, பனி குறைவாக இருக்கும் வருடம்தான் அடிப்படை கெட்ட வருடமாகிவிடலாம். “இந்த முறை பனி கொஞ்சம்தானே, பயமில்லை” என்று நினைப்பது நேர்மாறான கணக்கு. காஷ்மீரில் டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை ‘சில்லாய் கலான்’ என்பார்கள். அதற்கு முன்பு மெல்லிய பனி விழுந்து, பிறகு நீண்ட குளிர் மட்டும் நின்றால், அடியில் சீனிப் படை முளைத்துவிடும். பெப்ரவரியில் வரும் கனத்த பனி அந்தச் சீனியின் மேல்தான் உட்காரும்.

இன்னொரு கள்ளப் படை மேற்பரப்பிலேயே பிறக்கிறது. மார்கழியில் எந்த இரவில் பனி அதிகம் என்று உரும்பிராய் வெங்காயத் தோட்டக்காரரைக் கேட்டால் உடனே சொல்வார்: முகிலில்லாத, காற்றில்லாத இரவு. நிலத்தின் சூடு தடையின்றி வானத்துக்குப் போய்விட, இலை குளிர்ந்து, காற்றிலிருந்த ஈரம் அதில் துளியாகிறது. இதே விசயம் மைனஸ் பத்துப் பாகையில் பனிமேட்டின் மேல் நடந்தால், துளிக்குப் பதில் இறகு இறகாகப் படிகம் நிற்கும். காலை வெயிலில் மின்னும். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த நாள் அதன்மேல் புதுப் பனி மூடிவிட்டால், இறகுகள் கோழிக் குஞ்சின் கால் மாதிரி ஒரு பெரிய பாரத்தைத் தாங்கிக்கொண்டு வாரக்கணக்கில் உள்ளே நிற்கும். மார்கழிப் பனிக்கும் அந்தப் பனிக்குமான உறவு என்று மேலே சொன்னது இதுதான்.

பாரம் என்பது மேலே இருக்கும் தட்டு. காற்று இதில் முக்கிய கைகாரன். மலையின் ஒரு பக்கத்துப் பனியைக் காற்று அள்ளி, மணிகளை நொறுக்கி, மறுபக்கத்தில் இறுக்கமாக அடைத்துவிடும். பலகை மாதிரி ஒரு கெட்டித் தட்டு, அதன்கீழ் சீனியோ இறகோ, அதன்கீழ் பழைய பனி. சரிவும் சேர வேண்டும். 30 பாகைக்குக் குறைந்த சாய்வில் தட்டு வழுக்குவது அரிது. 30 முதல் 45 வரைதான் கொலைச் சாய்வு. நம் பழைய ஓட்டு வீட்டுக் கூரைகளின் சாய்வு அந்தக் கீழெல்லைக்குப் பக்கத்தில் வரும். சறுக்குக்காரருக்கு மிகவும் பிடித்த சாய்வும் அதே 30 முதல் 45 பாகைதான் என்பது துர்ப்பாக்கியம்.

ஓர் ஆள் அந்தத் தட்டின்மேல் ஏறும்போது என்ன நடக்கிறது? அவர் பாரத்தில் கீழேயிருக்கும் இறகுப் படை ஓரிடத்தில் நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் தட்டு ஒரு மில்லிமீற்றர் அளவு அமிழும். அந்த அமிழ்வு பக்கத்து இறகுகளையும் நொறுக்கும். அது அடுத்ததை நொறுக்கும். சமதரையில் நின்றால் ‘வும்ப்’ என்று ஒரு தாழ்ந்த சத்தம் காலடியில் ஓடுவது கேட்கும். சரிவில் நின்றால் தட்டு முழுதாக அறுந்து, அவர் நிற்கும் நிலமே கண்ணாடிச் சில்லுகளாகப் பிளந்து நகரும். 50 மீற்றர் நீளம், 50 மீற்றர் அகலம், அரை மீற்றர் தடிப்பு என்று சின்னதாகவே கணக்குப் போடுங்கள். 1,250 கனமீற்றர். ஒரு கனமீற்றர் 200 கிலோ என்றாலும் 250 தொன். பாரம் ஏற்றிய லொறிகள் இருபத்தைந்து ஒன்றாகப் புரண்டு வருவது போல. பனி மென்மையானது என்று படத்தில் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு மனதில் ஏறுவது கஷ்டம்.

பனிச்சரிவில் மாட்டும் பொழுதுபோக்குப் பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் விடயத்தில் அந்தச் சரிவைக் கிளப்பியது அவரோ அவர் கூட்டத்தில் ஒருவரோதான். மேலிருந்து தற்செயலாக வந்து விழுவது குறைவு. இடியேறு மாதிரி வானத்திலிருந்து வரும் விதி என்று இதைச் சொல்லிவிட முடியாது. பெருமளவுக்கு இது தெரிவு.

எல்லாருக்கும் அந்தத் தெரிவு கிடைப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2016 பெப்ரவரி 3ஆம் திகதி சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்துக் காவலரணில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்டின் 10 படையினர்மேல் பனிக்கட்டிச் சுவர் உடைந்து விழுந்தது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். வெயிலூர்ப் பிள்ளைகள். கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா மட்டும் ஆறாம் நாள் உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டார். பெப்ரவரி 11இல் அவரும் இறந்தார். அதற்கு நான்கு வருடம் முன்பு, 2012 ஏப்ரல் 7இல், எல்லையின் மறுபக்கம் கயாரியில் பாகிஸ்தான் படைமுகாமைப் பனி மூடியது. 140 பேர் மௌத்தானார்கள். அந்த உயரத்தில் இரு தரப்பிலும் துப்பாக்கியால் இறந்தவர்களைவிடக் குளிராலும் பனியாலும் இறந்தவர்களே அதிகம். கட்டளையால் ஏறியவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் பனி இல்லை; ஆனால் இந்தப் பாடம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை இறங்கி லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. மண்சரிவும் பனிச்சரிவும் ஒரே குடும்பம்: சாய்வு, மேலே பாரம், கீழே பிடிப்பிழந்த ஒரு படை. மண்ணில் பிடிப்பைக் கெடுப்பது மழைநீர். பனியில் பெரும்பாலும் அந்தச் சீனி. தோட்டத் தொழிலாளிக்குப் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. சறுக்கப் போகிறவருக்கு வேறு மலை, வேறு நாள், வேறு சாய்வு எல்லாம் இருக்கிறது. அதனாலேயே அவர்மேல் பொறுப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

விரும்பிப் போகிறவர்களின் இடமாக நம் பக்கத்தில் பெயர் பெற்றது குல்மார்க். காஷ்மீரின் பீர் பஞ்சால் தொடரில் 2,650 மீற்றரில் உள்ள புல்வெளி. கயிற்றூர்தியின் முதற்கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் திறந்தன. மேல் நிலையம் 3,900 மீற்றருக்கு மேல், அபர்வத் மலையின் தோளில். அங்கிருந்து கால்போன பக்கம் இறங்கினால் காவலில்லாத பெரும் சரிவுகள். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அதைத் தேடி வருகிறார்கள். வழிகாட்டுகிறவர்கள், மீட்கப் போகிறவர்கள், பலகை வாடகைக்குக் கொடுப்பவர்கள் பலரும் தங்மார்க் பகுதியின் காஷ்மீரி முஸ்லிம் குடும்பங்கள். 1988இல் கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய குல் முஸ்தபா தேவ் காஷ்மீர்க்காரர். 2022 பெய்ஜிங்கில் இந்தியா அனுப்பிய ஒரேயொரு வீரர் ஆரிப் கான் இந்தப் பகுதிப் பிள்ளைதான். நம் பத்திரிகைகளில் காஷ்மீர் என்றால் வேறு செய்திகளே வருகின்றன, இது வருவதில்லை.

அதே குல்மார்க்கின் மறுபக்கக் கணக்கு: 2010 பெப்ரவரி 8இல் கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த 17 படையினர் பனிச்சரிவில் இறந்தனர். உயர்மலைப் போர்ப் பள்ளியே அந்த ஊரில் இருந்தும் அது நடந்தது. 2023 பெப்ரவரி 1இல் அபர்வத்தில் போலந்துச் சறுக்குக்காரர் இருவர். 2024 பெப்ரவரி 22இல் ரஷ்யர் ஒருவர். அந்த 2024இல் ஜனவரி முழுக்க குல்மார்க் பழுப்பு நிலமாகக் கிடந்து, ஊர்ச் சனம் தொழிலில்லாமல் இருந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. நீண்ட நாள் காத்திருந்தவனுக்குப் புதுப் பனியைக் கண்டதும் பொறுக்க முடியாது. மலைக்கும் அதே நாட்கள்தான் மோசமான நாட்கள். கனத்த பனி விழுந்து முடிந்த அடுத்த ஒன்றிரண்டு நாட்களில், வானம் நீலமாகத் திறக்கும்போது, உள்ளே படைகள் இன்னும் பாரத்துக்குப் பழகவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வழி? தோண்டிப் பார்ப்பதுதான். சரிவில் ஒரு பாதுகாப்பான மூலையில் குழி வெட்டி, அதன் சுவரைச் சுத்தமாகச் சீவி, விரலால் ஒவ்வொரு படையையும் குத்திப் பார்ப்பார்கள். முட்டி இறங்குகிறதா, நாலு விரலா, ஒரு விரலா, பென்சில் முனைதானா, கத்திதானா என்று கடினத்தைக் குறிப்பார்கள். பிறகு 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு தூணைப் பிரித்து, அதன்மேல் மண்வெட்டித் தட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில், எந்தப் படையில், எப்படி அறுகிறது? இழுப்பறை மாதிரிச் சட்டென்று வழுக்கி வெளியே வந்தால் அந்தச் சரிவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இன்று 90 சென்ரிமீற்றர் அகலத் தூணை ஒரு ஓரத்தில் தட்டி, வெடிப்பு மறு ஓரம்வரை ஓடுகிறதா என்று பார்ப்பதையும் அதிகம் செய்கிறார்கள். ஏனென்றால் நொறுங்குவதைவிடப் பரவுவதுதான் ஆளைக் கொல்லும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு வளவுக் கிணறு நன்னீர், நாலு வேலி தாண்டினால் உவர். ஒரு கிணற்றை வைத்து ஊர் முழுக்க நல்ல தண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு குழியும் ஓர் இடத்தை மட்டுமே சொல்லும். குழி ‘கூடாது’ என்று சொன்னால் நம்பலாம். ‘சரி’ என்று சொன்னால் அதை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

அதனால் நாடுகள் முழுமலைக்கும் கணக்கு வைக்கின்றன. சுவிசில் டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயொக் மலையில் 1936இலேயே ஒரு குடிலில் பனி ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. 1945இலிருந்து அறிக்கை வெளிவருகிறது. 1951 குளிர்காலத்தில் அந்த நாட்டில் 98 பேர் பனிச்சரிவில் இறந்தது அந்த வேலையை இன்னும் விரிவாக்கியது. இந்தியாவில் 1969இல் மணாலியில் தொடங்கிய பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 2020இல் வேறு ஆய்வகத்தோடு சேர்க்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. ஐரோப்பாவில் 1993இலிருந்து ஆபத்தை ஒன்று முதல் ஐந்துவரை ஒரே அளவுகோலில் சொல்கிறார்கள். அந்த அளவுகோலில் அதிகம் பேர் இறப்பது ஐந்தில் அல்ல, நாலிலும் அல்ல, மூன்றில். நாலு என்றால் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால் “நடுத்தானே” என்று போகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஆபத்து சமமாக ஏறவில்லை, மடங்காகப் பெருகுகிறது என்பதை அந்த இலக்கம் காட்டுவதில்லை. பரீட்சையில் ஐந்துக்கு மூன்று எடுத்தது மாதிரி அதை வாசிக்கக்கூடாது.

மனிதர் ஏன் தெரிந்தும் போகிறார்கள் என்பதை இயன் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நூற்றுக்கணக்கான விபத்துகளை வைத்து 2004 வாக்கில் ஆராய்ந்தார். அவர் கண்ட பொறிகளில் இரண்டு நமக்கு நன்றாகவே பழக்கம். பழகிய மலை என்ற நம்பிக்கை ஒன்று. முன்னே ஒருவர் போன தடம் இருக்கிறது என்ற தைரியம் மற்றது. தடம் என்பது முன்னே போனவர் தப்பிவிட்டார் என்பதற்கு மட்டும் சாட்சி. நொறுங்காத இடத்தின்மேல் அவர் மிதித்திருக்கலாம். இரண்டடி தள்ளித் தட்டு மெல்லிதாக இருக்கும் இடத்தில் நீங்கள் மிதிப்பீர்கள். நோர்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு விதித்தொகுப்பு உண்டு; திரும்பி வருவதில் வெட்கமில்லை என்பதை அதிலே எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

மூடப்பட்டால்? இங்கே நேரம்தான் எல்லாம். முழுதாகப் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் பத்தில் மூன்று பேர்தான். பனி நின்றதும் சீமெந்து மாதிரி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. விட்ட மூச்சே முகத்தின்முன் தேங்கித் திரும்ப உள்ளே போகும். ஹெலிகொப்டர் அரை மணிக்குள் வருவது அதிர்ஷ்டம். ஆகவே காப்பாற்றக்கூடியவர்கள் பக்கத்தில் நிற்கும் தோழர்கள் மட்டும்தான். அதற்காக மூன்று சாமான் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். உடம்போடு கட்டிய சிறு வானொலிக் கருவி, உலகெங்கும் 457 கிலோஹேர்ட்ஸில் துடிப்பது, மடித்து நீட்டும் குத்துக்கம்பி, உலோக மண்வெட்டி. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படாது. கருவி இடத்தைக் காட்டும், கம்பி ஆழத்தைக் காட்டும், மண்வெட்டிதான் ஆளை எடுக்கும். ஒரு மீற்றர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு தொன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும். இதைப் பழகாமல் சாமானை மட்டும் வாங்கி முதுகில் போட்டுக்கொண்டு படம் எடுப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி என்ன சொல்வது.

மலையில் நிற்கும் நம் பிள்ளைகள் சிலர் கேட்கும் ஒரு பிக்ஹுக் கேள்வியும் இருக்கிறது: தண்ணீர் உறைந்து கிடக்க, பனியில் தயம்மும் செய்யலாமா? இமாம் மாலிக்கின் மத்ஹபில் அதற்கு இடமுண்டு. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண் வேண்டும். பனியை உருக்கி வுழூச் செய்ய முடிந்தால் கேள்வியே எழாது; அடுப்பும் பாத்திரமும் குளிர்கால மலைப்பையில் எப்படியும் இருக்க வேண்டிய சாமான்கள்தான். விரிவாக ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். மலையும் பனியும் வாழ்விடமாயிருந்த நாடுகளின் உலமாக்கள் இதையெல்லாம் பல நூற்றாண்டுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள் என்பதற்காகவே குறிப்பிட்டேன்.

பெற்றோர் இங்கிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. “போகாதே” என்று சொல்லிப் பயனில்லை; இருபத்தைந்து வயதுப் பிள்ளை கேட்காது, அடுத்த முறை படத்தை அனுப்பாமல் விட்டுவிடும். கேட்கவேண்டியது வேறு. யார் யார் போகிறீர்கள்? எல்லாரிடமும் மூன்று சாமானும் உண்டா, இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் தோண்டிப் பழகினீர்களா? போகும் சாய்வு எத்தனை பாகை? இன்றைய இலக்கம் என்ன? பிள்ளை தடுமாறினால் அதுவே பதில். கடைசிக் கேள்விக்கு நாங்களே பதில் பார்த்துக்கொள்ளலாம். சுவிஸ் அறிக்கை குளிர்காலத்தில் தினமும் அங்கே மாலை ஐந்து மணிக்கு வெளியாகும், ஆங்கிலத்திலும் உண்டு. வரைபடத்தில் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் நிறமும் இலக்கமும் இருக்கும். எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல், புதுப் பனியா, காற்றுக் குவித்ததா, அடியிலுள்ள பழைய படையா என்பதும் கீழே எழுதியிருக்கும். அங்கே ஐந்து என்றால் இங்கே இரவு ஒன்பதரை. உரும்பிராயில் சாப்பாடு முடிந்து கைத்தொலைபேசி கையில் இருக்கும் நேரம்தான்.